உலை ஏறும் முன்னரே முடிவாகும் உணவு

ஓர் உழவர் வீட்டில் இன்று என்ன சமையல் என்பதை முடிவு செய்பவர் யார்? யாரிடம் கேட்டாலும், 'வீட்டுப் பெண்கள்தாம்' என்ற விடை உடனே வரும். சமையலறை பெண்ணின் ஆட்சிக்கு உட்பட்டது என்பது நாடெங்கும் வேரூன்றிய நம்பிக்கை. ஆனால் அந்த வீட்டின் கடந்த ஓராண்டு வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் வேறு விடை கிடைக்கும். எந்தப் பயிர் விதைக்கப்பட்டது, விளைச்சலில் எவ்வளவு வீட்டில் தங்கியது, எவ்வளவு சந்தைக்குப் போனது, விற்ற பணம் யார் கைக்கு வந்தது, அந்தப் பணத்தில் பருப்புக்கும் எண்ணெய்க்கும் காய்கறிக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்னும் ஐந்து கேள்விகளின் விடைகளே அன்றாடச் சமையலை முன்கூட்டித் தீர்மானித்துவிடுகின்றன. இவை அனைத்தும் முடிவான பிறகு, எஞ்சியதைக் கொண்டு சமைக்கும் பொறுப்பு மட்டுமே பெண்ணிடம் வந்து சேர்கிறது.

பொறுப்பு ஒருவரிடமும் அதிகாரம் வேறொருவரிடமும் இருப்பதன் விளைவைக் குடும்பத்தின் உடல்நலத்தில் காண்கிறோம். வங்கி இதழில் சமையலைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று வாசகர்கள் வியக்கலாம். மேற்சொன்ன ஐந்து கேள்விகளில் மூன்று பணத்தைப் பற்றியவை என்பதே அதற்கான விடை.

கேள்விகள் மாறி வந்த கதை

மத்திய அரசின் தேசியக் குடும்பநல ஆய்வு, குடும்ப முடிவுகளில் திருமணமான பெண்களுக்குள்ள பங்கைப் பற்றிப் பல சுற்றுகளாகக் கேட்டு வருகிறது. 1998-99-இல் நடைபெற்ற இரண்டாம் சுற்றின் கேள்விகளுள் 'என்ன சமைப்பது' என்பதும் ஒன்று. ஏனைய முடிவுகளைக் காட்டிலும் சமையல் பற்றிய முடிவிலேயே பெண்கள் மிகுதியாகப் பங்கேற்பதாக அப்போது தெரிய வந்தது. 2005-06-இல் நடைபெற்ற மூன்றாம் சுற்றில் அக்கேள்வி இடம்பெறவில்லை. வீட்டின் அன்றாடத் தேவைகளுக்கான பொருள்களை வாங்கும் முடிவு யாருடையது என்று கேட்கப்பட்டது. அடுப்பிலிருந்து பணப்பைக்குக் கேள்வி நகர்ந்தது பொருத்தமான மாற்றமே.

2019-21-இல் நடைபெற்ற ஐந்தாம் சுற்று மூன்று முடிவுகளைப் பற்றிக் கேட்டது: தமது உடல்நலச் சிகிச்சை, வீட்டுக்குப் பெரிய பொருள்கள் வாங்குதல், உறவினர் வீடுகளுக்குச் சென்று வருதல். மூன்றிலும் தமக்குப் பங்குண்டு எனக் கூறியவர்கள் 100-க்கு 71 பேர். இது வரவேற்கத்தக்க வளர்ச்சி. எனினும், உழவர் குடும்பத்துக்கே உரிய மிகப் பெரிய முடிவு இந்தப் பட்டியலில் இல்லை. நிலத்தில் எதை விதைப்பது என்பதே அம்முடிவு. உணவைப் பற்றிய முதல் தீர்மானமும் அங்கேதான் எடுக்கப்படுகிறது.

முதல் முடிவு வயலில்

மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் அங்குச் சோளம் விளைந்த நிலங்களில் 1970-களுக்குப் பிறகு சோயா பரவியது. உழவர்களுக்கு அது நல்ல வருவாயைத் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சோளம் வீட்டில் ரொட்டியானது; அதன் தட்டை மாட்டுக்குத் தீவனமானது; மாடு கொடுத்த பாலில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குப் போயிற்று. சோயாவோ பெரும்பாலும் எண்ணெய் ஆலைக்குப் போகும் சரக்கு. களத்திலிருந்து வண்டியேறும் விளைச்சல் பணமாக மாறி வரும்போது, அதைப் பெறுபவர் ஆணாகவே இருக்கிறார். தானியமாக வந்திருந்தால் பெண்ணின் பொறுப்பில் குதிரிலோ கோணியிலோ இருந்திருக்கக்கூடிய உணவு, பணமாக வந்ததால் வேறொருவரின் சட்டைப்பைக்கு மாறிவிடுகிறது.

கலப்புப் பயிர்முறைகள் குறைந்ததும் இத்தகைய மாற்றமே. கர்நாடகத்தின் மானாவாரி நிலங்களில் 'அக்கடி சாலு' என்றொரு முறை உண்டு. கேழ்வரகு வரிசைகளுக்கு இடையே அவரை, துவரை, கடுகு, ஆமணக்கு, பேயெள் போன்றவற்றை விதைப்பார்கள். கேழ்வரகு முற்றும்வரை காத்திராமல், வாரத்துக்கு ஒன்றாக ஏதேனும் காயோ கீரையோ வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். உத்தராகண்டின் கடுவால் மலைப்பகுதியில் 'பாரநாஜா', அதாவது பன்னிரு கூலம், எனப்படும் முறையும் இதைப் போன்றதே. கேழ்வரகு, ராஜ்மா, கொள்ளு, கீரைத்தண்டு விதை என ஒரே நிலத்தில் பலவும் விளையும். இம்முறைகளில் விதையைத் தேர்ந்து, உலர்த்தி, சாம்பல் கலந்து காப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. எதை விதைப்பது என்ற முடிவில் அவர்களுக்கு இருந்த செல்வாக்கு விதைப்பானையின் வழியே வந்தது. விதை கடையில் வாங்கும் பொருளானபோது, கடைக்குச் செல்பவரே விதையைத் தேர்பவரும் ஆனார்.

வட மாநிலக் கோதுமை வயல்களில் குளிர்காலத்தில் 'பதுவா' என்ற கீரை தானாக முளைக்கும். நம் பக்கத்தில் சக்கரவர்த்திக் கீரை என்பார்களே, அதுதான். களையெடுக்கப் போகும் பெண்களின் மடியில் அது வீடு வந்து பருப்போடு வேகும். களைக்கொல்லி தெளிப்பவரின் கணக்கில் அது ஒரு களை. சமைப்பவரின் கணக்கில் அது காசில்லாமல் கிடைக்கும் சத்துணவு. தெளிப்பதா, கையால் களையெடுப்பதா என்று வீட்டில் பேசப்படும்போது, அது உணவு பற்றிய முடிவும்கூட என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

இம்முடிவுகளில் பெண்ணின் குரல் தாழ்ந்திருப்பதற்கு நில உரிமை ஒரு முக்கியக் காரணம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்களின் பெயரில் இருப்பவை 100-க்குச் சுமார் 14 மட்டுமே. விதைப்பு, நாற்று நடவு, களையெடுப்பு, அறுவடை, தானியத் தூற்றல் என வயல்வேலையின் பெரும்பகுதியில் பெண்கள் இருக்கிறார்கள். ஏரைத் தொடக்கூடாது என்ற வழக்கமோ நாட்டின் பல பகுதிகளில் இன்னும் நீடிக்கிறது.

இரண்டாம் முடிவு பணப்பையில்

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு வகைகளில் குறிப்பிடத்தக்கது. கிராமப்புற மக்களில் 75 சதவீதம் பேர் வரை, ஒருவருக்கு மாதம் 5 கிலோ வீதம் தானியம் பெற அது வழி செய்தது. மேலும், குடும்ப அட்டை வழங்குவதற்குக் குடும்பத்தின் 18 வயது நிறைந்த மூத்த பெண்ணையே குடும்பத் தலைவராகக் கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. உணவுக்கான ஓர் அரசு ஆவணத்தில் பெண்ணின் பெயர் முதலிடம் பெற்றது சிறிய செய்தியன்று.

அரிசியும் கோதுமையும் இவ்வாறு உறுதிப்பட்டபின், தட்டின் தரத்தை நிர்ணயிப்பவை பருப்பு, காய்கறி, பால், முட்டை, எண்ணெய் ஆகியன. இவற்றைப் பெரும்பாலும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, கிராமப்புறக் குடும்பச் செலவில் ஏறக்குறைய 47 சதவீதம் உணவுக்கே ஆகிறது. அந்த உணவுச் செலவில் முதலிடம் பெறுவது பானங்களும் பதப்படுத்தப்பட்ட உணவுகளும்தாம். பாலும் பால்பொருள்களும் அதற்கு அடுத்த இடத்தில்தான் உள்ளன. கடைவீதிக்குச் செல்பவர் யார், அவர் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது குடும்பத்தின் உணவை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதை இங்கே காணலாம்.

பால் கணக்கு இன்னும் நுட்பமானது. ஒரு குடும்பத்தின் பசு நாள்தோறும் 6 லிட்டர் கறக்கிறது என வைத்துக்கொள்வோம். அதில் அரை லிட்டரை வீட்டுக்கு நிறுத்திக்கொண்டால், லிட்டர் 36 ரூபாய் என்ற கணக்கில் மாதம் 540 ரூபாய் வரவு குறையும். பால் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கேட்டில் இக்குறைவு துல்லியமாகத் தெரியும். அந்த அரை லிட்டரால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பயன் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. புல்லறுத்து, சாணம் அள்ளி, பால் கறப்பவர் மனைவி. சங்கத்தின் உறுப்பினர் கணவர் என்ற நிலை பல வீடுகளில் உள்ளது. பணம் யார் கணக்கில் ஏறுகிறதோ அவருக்கு 540 ரூபாய் கண்ணில் படுகிறது. பிள்ளைக்குப் பால் கேட்பவருக்கு அந்த அரை லிட்டர் கண்ணில் படுகிறது. இருவரும் நல்லவர்களே; இருவர் முன்னும் இருக்கும் கணக்குகள்தாம் வெவ்வேறு.

ஐந்தாம் சுற்றுக் குடும்பநல ஆய்வின் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உள்ள பெண்கள் ஏறக்குறைய 79 சதவீதம். முந்தைய சுற்றில் இது 53 சதவீதமாக இருந்தது. ஆனால் தம் விருப்பப்படி செலவழிக்கப் பணம் வைத்திருப்பதாகக் கூறிய பெண்கள் 51 சதவீதம் மட்டுமே. கணக்கு திறப்பதில் வங்கிகள் பெரும் வெற்றி பெற்றிருக்கின்றன. கணக்குக்கும் பணத்துக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே இனி நாம் கடக்க வேண்டிய தொலைவு.

மூன்றாம் முடிவு தட்டில்

வயலிலும் சந்தையிலும் முடிவான உணவு இறுதியாகத் தட்டுக்கு வருகிறது. முதலில் ஆண்கள், பிறகு பிள்ளைகள், கடைசியில் பெண்கள் என்பது நாட்டின் பல பகுதிகளில் பழகிப்போன பந்தி வரிசை. பெண்கள் என்பதற்குள்ளும் ஒரு வரிசை உண்டு. வட இந்தியக் கூட்டுக் குடும்பங்களில் தானிய அறையின் சாவி மாமியாரிடம் இருக்கும். ரொட்டி சுடுபவர் மருமகள். எவ்வளவு நெய், எவ்வளவு பருப்பு என்பதை மாமியார் அளந்து கொடுப்பார். வீட்டிலேயே இளைய பெண், பெரும்பாலும் கர்ப்பிணியாகவோ பாலூட்டும் தாயாகவோ இருக்கும் வயதில், கடைசித் தட்டில் அமர்கிறார். அவருக்கு ரொட்டி மீதமிருக்கலாம். கூட்டில் காய் மீதமிருப்பதில்லை.

இவ்வரிசையின் விளைவை இரத்தப் பரிசோதனையில் காணலாம். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாம் சுற்று ஆய்வு கூறுகிறது. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். மாதவிலக்கும் மகப்பேறும் இவ்வேறுபாட்டுக்கு முக்கியக் காரணங்கள். அதனால்தான் பெண்ணின் தேவையும் அதிகமாகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து போதும். பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். அதிகம் தேவைப்படுபவர் கடைசியில் உண்பது எந்தக் கணக்கிலும் பொருந்தாது.

உழைப்பின் கணக்கும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2024-இல் நடைபெற்ற நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களையும் செலவிடுகின்றனர். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது பழமொழி. சமைத்தவர் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் என்ன மிஞ்சும் என்பதற்கு நம்மிடம் பழமொழியே இல்லை.

மாற்றிக் காட்டிய ஊர்கள்

இந்த மூன்று இடங்களிலும் மாற்றம் இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

வயலில் நிகழ்ந்த மாற்றத்துக்குத் தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதி நல்ல எடுத்துக்காட்டு. அங்குத் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் துணையோடு, பெரும்பாலும் தலித் சமூகத்தைச் சேர்ந்த சிற்றுழவர்ப் பெண்கள் 1980-கள் முதல் ஊர்தோறும் சங்கங்களாக இணைந்தனர். தரிசாகக் கிடந்த நிலங்களைத் திருத்திச் சோளம் விளைவிக்க உழவர்களுக்கு முன்பணம் கொடுத்தனர். அந்த முன்பணம் பணமாக அன்றித் தானியமாகத் திரும்பி வந்தது. அத்தானியத்தை ஊரிலேயே சேமித்து, எந்தெந்த வீடுகளில் பசி மிகுதி என்பதைத் தாமே கூடிப் பேசி முடிவு செய்து, குறைந்த விலைக்கு வழங்கினர். கடன், வசூல், பயனாளித் தேர்வு என ஒரு வங்கிக் கிளை செய்யும் வேலைகள் அனைத்தையும் எழுத்தறியாத பெண்கள் பலர் தானியத்தைக் கொண்டே செய்து காட்டினர். 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் பூமத்திய ரேகைப் பரிசு இச்சங்கத்துக்குக் கிடைத்தது. மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டத்தில் நாட்டு விதைகளைச் சேர்த்துக் காத்த பழங்குடி உழவரான ராகிபாய் போபெரே 2020-ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருதுக்குத் தெரிவு செய்யப்பட்டார். விதைப்பானை மீண்டும் மதிப்புப் பெறுவதன் அடையாளமாக இதைக் கொள்ளலாம்.

பணப்பையில் என்ன நிகழும் என்பதை வடக்கு மத்தியப் பிரதேசத்தில் நடைபெற்ற ஓர் ஆய்வு காட்டியது. ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியைப் பெண்களின் சொந்தக் கணக்கிலேயே செலுத்தி, அக்கணக்கைக் கையாளச் சிறிது பயிற்சியும் அளித்தபோது, அவர்கள் வேலைக்குச் செல்வது கூடியது. பெண்கள் வெளியே சென்று வேலை செய்வது குறித்த மனத்தடைகளும் தளர்ந்தன. 2021-இல் வெளியான அந்த ஆய்வு உணவைப் பற்றியதன்று. எனினும், கணக்கு மட்டும் போதாது, அதைக் கையாளும் பயிற்சியும் சேர வேண்டும் என்ற அதன் பாடம் இங்கும் பொருந்தும்.

தட்டில் நிகழ்ந்த மாற்றம் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, சிரோஹி மாவட்டங்களிலிருந்து வருகிறது. அங்குப் பழங்குடிப் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் வழியாக நடைபெற்ற ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று, குடும்பத்தினர் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்ற எளிய செய்தியை முன்வைத்தது. ஆண்களிடமும் மாமியார்களிடமும் இதைப் பற்றிப் பேசினார்கள். ஒன்றாக அமரும்போது யாருடைய தட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எல்லோர் கண்ணிலும் படுகிறது. பெண்களும் குழந்தைகளும் உண்ணும் உணவு வகைகள் கூடின. செலவே இல்லாத சீர்திருத்தம் இது.

கடன் அட்டைக்குள் ஒரு சமையலறை

உழவர் குடும்பங்கள் பலவற்றிடம் இருக்கும் கிசான் கடன் அட்டையில், சமையலறைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அறியப்பட வேண்டிய செய்தி. 1998-இல் அறிமுகமான இத்திட்டத்தின் கடன் வரம்பு மூன்று பகுதிகளாகக் கணக்கிடப்படுகிறது. ஏக்கருக்கு இவ்வளவு என மாவட்ட அளவில் நிர்ணயிக்கப்பட்ட சாகுபடித் தொகை முதல் பகுதி. அத்தொகையில் 10 சதவீதம், அறுவடைக்குப் பிந்தைய செலவு, வீட்டுத் தேவை, நுகர்வு ஆகியவற்றுக்கு. மேலும் 20 சதவீதம் பண்ணைச் சொத்துகளின் பழுதுபார்ப்புக்கு. பயிர்க் காப்பீடு போன்றவை தனி.

எடுத்துக்காட்டாக, 3 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு 30,000 ரூபாய் எனக் கொண்டால், சாகுபடித் தொகை 90,000 ரூபாய். வீட்டுத் தேவை உள்ளிட்டவற்றுக்கு 9,000 ரூபாய். பழுதுபார்ப்புக்கு 18,000 ரூபாய். மொத்தம் 1,17,000 ரூபாய். அந்த 9,000 ரூபாயை ஆண்டு முழுமைக்கும் பகிர்ந்தால் மாதம் 750 ரூபாய். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட கையிறுக்கமான மாதங்களில் பருப்புக்கும் எண்ணெய்க்கும் கடைக்காரரிடம் கடன் சொல்லாமல் இருக்க இத்தொகை உதவும். ஆயினும், இப்படி ஒரு பகுதி இருப்பதை அட்டைதாரர்கள் பலர் அறிந்திருப்பதில்லை. அவர்களுடைய துணைவியர் அறிய வாய்ப்பும் குறைவு. கடன் வாங்க வரும்போது இருவரும் சேர்ந்து வந்தால், வரம்பின் பிரிவினையை விளக்கிச் சொல்லக் கிளை அலுவலர்கள் அணியமாக இருப்பார்கள்.

நிலம் தம் பெயரில் இல்லாத பெண்களுக்கும் வழிகள் உள்ளன. குத்தகை உழவர்களும் சுய உதவிக் குழுக்களும் கூட்டுப் பொறுப்புக் குழுக்களும் இந்த அட்டையைப் பெறலாம். 2018-19 முதல் கால்நடை வளர்ப்புக்கும் மீன்வளத்துக்கும் இத்திட்டம் நீட்டிக்கப்பட்டுள்ளது. பசுவைப் பராமரிப்பவர் பெண் எனில், அதற்கான அட்டையும் பால் பணம் ஏறும் கணக்கும் அவர் பெயரிலேயே இருப்பது முறை. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு தொடங்கிய சுய உதவிக் குழு இணைப்புத் திட்டம் இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. உணவுத் தட்டுப்பாட்டு மாதங்களில் கந்துவட்டிக்குப் போகாமல் குழுவின் உள்கடனைப் பெறுவது அதன் தொடக்க காலம் முதல் கிடைத்து வரும் பயன்.

வாசகர்கள் செய்யக்கூடியவை

இவ்விதழின் வாசகர்களில் சிலர் உழவர்கள். பலருக்கு ஊரில் நிலமும் பெற்றோரும் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்பும் மகனோ மகளோ கீழ்க்காண்பவற்றைத் தத்தம் வீட்டில் தொடங்கலாம்.

வீட்டுப் பெண்களின் வங்கிக் கணக்கில் அவர்களுடைய கைப்பேசி எண்ணே இணைக்கப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள். கணவரின் எண் இணைக்கப்பட்டிருந்தால், பணம் வருவதும் போவதும் கணக்குக்கு உரியவருக்குத் தெரியாது. பற்று அட்டையின் இரகசிய எண் அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கட்டும்.

உணவுச் செலவுக்கென அனுப்பும் தொகையைச் சமைப்பவரின் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள். புதிதாக நிலம் வாங்கும்போது கூட்டுப் பெயரில் பதிவு செய்யலாம். பெண்கள் பெயரில் பதிவதற்குப் பல மாநிலங்கள் முத்திரைக் கட்டணச் சலுகையும் அளிக்கின்றன.

பணப்பயிரை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. வரப்போரத்தில் துவரையும் அவரையும், கிணற்றடியில் நான்கு பாத்தி கீரையும் இருந்தாலே, சந்தை விலையைச் சாராத ஒரு பங்கு உணவு வீட்டுக்கு உறுதியாகிறது.

ஒரு வேளையாவது அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். பரிமாறும் பாத்திரங்கள் நடுவில் இருக்கட்டும்.

அடுத்த பருவத்துக்கான பயிர்த்திட்டத்தை எழுதும்போது, விதை, உரம், கூலி, வட்டி என்ற வழக்கமான தலைப்புகளோடு 'வீட்டு உணவு' என்ற தலைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை மூட்டை வீட்டில் தங்கும், எவ்வளவு பால் விற்கப்படாது, மாதம் எவ்வளவு ரொக்கம் பருப்புக்கும் காய்கறிக்கும் ஒதுக்கப்படும் என்ற மூன்று எண்கள் அங்கே எழுதப்பட வேண்டும். அவற்றைச் சொல்லத் தகுதியானவர் அவ்வீட்டில் நாள்தோறும் அடுப்பு மூட்டுபவர். விதை வாங்கக் கிளம்பும் முன் அவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.